மருந்தில் ஊறிய விதை
(சிதம்பரத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சிதம்பரத்தில் வந்து தக்காளியைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இது கத்தரிக்காய் ஊர். சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் தில்லையின் அடையாளங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் பெயரையே சூட்டி வெளியிட்ட காய்கறி ரகமும் 'அண்ணாமலை' கத்தரிதான். அசுவினியைத் தாங்கும் என்று பேரெடுத்தது. தக்காளிக்கோ நம் கடலூர் மாவட்டம் வெளியூர் லாரியைத்தான் எதிர்பார்க்கிறது. கிருஷ்ணகிரி, ஒட்டன்சத்திரம், ஆந்திராவின் மதனப்பள்ளி ஆகிய இடங்களில் மழை கொட்டினாலோ பொய்த்தாலோ கடலூர்க் கடைத்தெருவில் விலைப்பலகை மாறும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது யாருக்கும் மறந்திருக்காது. அதே தக்காளி வேறொரு மாதத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுகிறது.

ஆனால் கத்தரிக்கும் தக்காளிக்கும் பங்காளி உறவு உண்டு. இரண்டும் சொலானம் பேரினம். இரண்டுக்கும் 12 ஜோடி குரோமோசோம்கள். எனவே ஒன்றைப் பற்றிப் பேசினால் மற்றொன்று கோபித்துக்கொள்ளாது.

கடைக்குப் போனால் இரண்டு வகைத் தக்காளி இருக்கும். கெட்டியாக, முட்டை வடிவில், பல நாள் வாடாமல் இருப்பது ஹைபிரிட். பெங்களூர்த் தக்காளி என்றும் சொல்வார்கள். தட்டையாக, சாறும் புளிப்புமாக, காம்பைச் சுற்றி லேசாகப் பச்சை படர்ந்திருப்பது நாட்டுத் தக்காளி. ரசத்துக்கு அதுதான் வேண்டும் என்று தேடி வாங்குபவர்கள் பலர். 'இயற்கையானது, ஆய்வுக்கூடம் தொடாதது' என்ற நம்பிக்கையும் அந்தத் தேடலில் கலந்திருக்கிறது. நாட்டுத் தக்காளி என்று விற்பனையாவதில் பி.கே.எம். 1 என்ற ரகமும் உண்டு. அது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. தேனிக்குப் பக்கத்திலுள்ள அன்னஞ்சியின் பெயரால் அறியப்பட்ட உள்ளூர்த் தக்காளியில், மரபணு மாற்றத்தைச் செயற்கையாகத் தூண்டி, அதில் தேறிய செடியைப் பொறுக்கி எடுத்து வளர்த்த ரகம். எக்டேருக்கு 30 முதல் 35 டன் விளையும். தொலைதூரம் லாரியில் போனாலும் நசுங்காமல் தாக்குப்பிடிக்கும். நாட்டுத் தக்காளி என்று ஆசையாக வாங்குவது, ஆய்வாளர்கள் வேண்டுமென்றே கலைத்துப் போட்டுப் பொறுக்கிய தக்காளியாகவும் இருக்கலாம். இதில் அதிர்ச்சியடைய எதுவுமில்லை. ரசம் நன்றாகத்தான் இருக்கிறது.

இதைவிட நேரடியான சான்று கோயம்புத்தூரில் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகத்துக்கு 'மருதம்' என்று பெயர். கோ 1 தக்காளியின் விதைகளை எத்தில் மீத்தேன் சல்போனேட் என்ற திரவத்தில் நனைத்து, அதில் வந்த மாற்றங்களிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. செடி குட்டை, அடக்கமாக வளரும், ஓர் அளவோடு தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், அதனால் நெருக்கி நடலாம். பழம் மூன்று முதல் ஐந்து வரை கொத்தாகப் பிடிக்கும். நுனியில் சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். 100 முதல் 105 நாளில் எக்டேருக்கு 40 டன் வரை. பிறகு இந்த மருதத்தையே பூசா ரூபி என்ற ரகத்துடன் இணைத்து, மானாவாரிக்கென்று பையூர் 1 ரகம் வந்தது. ஆக, வேதிமருந்தில் ஊறிய விதை ஒன்றின் வாரிசுகள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மானாவாரி நிலம்வரை போய்ச் சேர்ந்துவிட்டன.

எத்தில் மீத்தேன் சல்போனேட்டை ஆய்வுக்கூடத்தில் யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. இ.எம்.எஸ். என்றால் போதும். பார்ப்பதற்கு நிறமற்ற, தண்ணீர் போன்ற திரவம். அது என்ன செய்கிறது?

டிஎன்ஏ நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீளமான வாசகம். தக்காளியில் அது சுமார் 90 கோடி எழுத்து. குவானின் என்ற எழுத்து எப்போதும் சைட்டோசினோடுதான் ஜோடி சேரும். இ.எம்.எஸ். போய் குவானினின் ஆறாவது இடத்திலுள்ள ஆக்சிஜனில் ஓர் எத்தில் தொகுதியை ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் குவானினின் சாயல் மாறிவிடுகிறது. அடுத்த முறை செல் பிரிவதற்காக டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது, சைட்டோசின் வந்து உட்கார வேண்டிய இடத்தில் தைமின் உட்கார்ந்துவிடுகிறது. இன்னொரு சுற்று படியெடுத்தால் அந்த இடத்தில் குவானின்-சைட்டோசின் ஜோடி இருந்த சுவடே இருக்காது. அடினின்-தைமின் ஜோடி நிலைத்துவிடும். அச்சுக்கோப்பில் ஓர் எழுத்து மாறி விழுவதைப் போலத்தான். பெரும்பாலான பிழைகளை வாசகர் கவனிப்பதில்லை. சில பிழைகள் வாக்கியத்தையே நாசமாக்கும். எப்போதோ ஒன்று மூலத்தைவிட நன்றாக அமைந்துவிடும்.

கதிர்வீச்சு இப்படி நாசூக்காக வேலை செய்வதில்லை. காமாக் கதிர் டிஎன்ஏவை அறுத்து, துண்டு துண்டாக இழக்கவும் இடம் மாறவும் வைக்கிறது. வேதிமருந்தின் பலம் ஒற்றை எழுத்தைத் தொடுவதில் இருக்கிறது. மரபணுவை அடியோடு அழிக்காமல் அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கவோ கூட்டவோ அதனால் முடியும். சோடியம் அசைடு இன்னொரு வகை. அமிலக் கரைசலில் கொடுத்தால், செடியே அதை உள்வாங்கி வேறொரு பொருளாக மாற்றுகிறது; அந்தப் பொருள்தான் டிஎன்ஏவைத் தாக்குகிறது. பார்லியில் அது அபாரமாக வேலை செய்யும்.

இந்த மருந்துகளின் பூர்வீகம் போர்க்களம். 1927-இல் அமெரிக்காவில் ஹெர்மன் முல்லர் எக்ஸ்-கதிரால் பழ ஈக்களில் சடுதிமாற்றங்களை, அதாவது சந்ததிக்கும் போகும் மரபணு மாற்றங்களை, தூண்டினார். மறு ஆண்டே லூயிஸ் ஸ்டாட்லர் பார்லியில் அதைச் செய்து காட்டினார். வேதிப்பொருளாலும் இதைச் செய்ய முடியுமா என்று பலர் முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஹிட்லர் ஆட்சியில் பள்ளி ஆசிரியை வேலையை இழந்து எடின்பரோவுக்கு வந்து சேர்ந்த யூதப் பெண் ஷார்லட் அவர்பாக், சக ஆய்வாளர் ஜே.எம். ராப்சனோடு சேர்ந்து, முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் தோலையும் நுரையீரலையும் பொசுக்கிய கடுகு வாயுவை எடுத்துப் பழ ஈக்கள்மீது செலுத்தினார். பாதுகாப்பு ஏற்பாடு அந்தக் காலத்துக்கேற்ப அரைகுறை. அவருடைய கைகள் வெந்தன. முடிவு தெளிவாக இருந்தது: எக்ஸ்-கதிர் செய்வதைக் கடுகு வாயுவும் செய்கிறது. ஆனால் போர் நடந்துகொண்டிருந்ததால் வெளியே சொல்லக்கூடாது. 1946-இல்தான் அச்சேறியது.

அதே காலத்தில் மாஸ்கோவில் யோசிஃப் ராப்போபோர்ட் ஃபார்மால்டிஹைடைக் கொண்டு இதே முடிவுக்கு வந்திருந்தார். போரில் ஒரு கண்ணை இழந்து திரும்பியவர். 1948-இல், குரோமோசோம்வழி மரபை மறுத்த லைசென்கோவின் கூட்டம் சோவியத் மரபியலை நசுக்கியபோது, குரோமோசோம் கொள்கையைக் கைவிட மறுத்தார். கட்சியிலிருந்து நீக்கினார்கள், வேலையும் போயிற்று. மரபியலுக்கு அவ்வளவு விலை கொடுத்தவரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரியாவது வந்திருக்கலாம். இ.எம்.எஸ். அந்தக் கடுகு வாயுவின் வேதி உறவினர்தான். இரண்டும் டிஎன்ஏவோடு தொகுதியை ஒட்டவைக்கும் ஒரே வர்க்கம். ஆனால் கையாளச் சற்று எளிது.

இந்தியாவில் இந்தச் சடுதிமாற்ற வழிக்கு வெளிச்சம் பாய்ச்சியவர் கொள்ளிடத்துக்கு அக்கரை ஊர்க்காரர். கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், டெல்லியில் மெக்சிகோ கோதுமையான சொனோரா 64-இன் சிவப்புத் தானியத்தைக் கதிர்வீச்சால் மாற்றி, நம் சப்பாத்திக்குப் பிடித்த மஞ்சள் நிறமுள்ள சர்பதி சொனோராவைத் தந்தார். டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இதே வழியில் நிலக்கடலையில் வரிசையாக ரகங்களைக் கொடுத்தது. தக்காளியில் டெல்லியின் பூசா லால் மீருட்டி கதிரால் வந்தது. கோயம்புத்தூர் மருதம் மருந்தால் வந்தது. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து பராமரிக்கும் பட்டியலில் இப்படிப்பட்ட ரகங்கள் 3,400-க்கு மேல் உள்ளன. பெரும்பாலானவை கதிர்வழி, மருந்துவழி சிறுபான்மை.

இனி, வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

தக்காளி விதை தட்டையானது. மேலே பூனைமயிர் போல மெல்லிய ரோமம் மூடியிருக்கும். ஒரு கிராமுக்கு முந்நூறு விதை வரை நிற்கும். முதலில் சில மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். உறங்கிக் கிடக்கும் கரு விழித்து, டிஎன்ஏவைப் படியெடுக்கும் வேலையைத் தொடங்கும் நேரத்தில் மருந்து போய்ச் சேர வேண்டும். புகையிழுக்கும் அடுப்பறை போன்ற கண்ணாடிக் கூண்டுக்குள் கையுறையோடு இ.எம்.எஸ். கரைசலை அப்போதைக்கப்போது கலக்குகிறார்கள். தண்ணீரில் அது தானே சிதையும் என்பதால் நேற்றுக் கலந்தது இன்றைக்கு ஆகாது. வலிமை 1 சதவீதத்துக்கும் கீழே. விதைகளை அதில் போட்டுக் குலுக்கிக்கொண்டே சில மணி நேரம். பிறகு ஓடும் தண்ணீரில் நெடுநேரம் அலசல். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. சோடியம் தயோசல்பேட் சேர்த்துச் செயலிழக்கச் செய்த பிறகே வெளியேற்ற வேண்டும். உடனே குழித்தட்டில் விதைப்பு.

மருந்தின் அளவை எப்படி முடிவு செய்வது? பாதி விதைகள் சாகும் அளவு எது என்று முதலில் கண்டுபிடிக்கிறார்கள். அதைச் சுற்றியே பெரிய அளவில் விதைப்பு நடக்கிறது. கருணையற்ற கணக்குதான். குறைந்தால் மாற்றம் வராது; கூடினால் முளைப்பு வராது.

முளைத்து வரும் முதல் தலைமுறைக்கு எம்1 என்று பெயர். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. குள்ளம், சுருண்ட இலை, மகரந்த மலடு என்று என்னென்னவோ தெரியும். பெரும்பாலும் அவை மருந்து கொடுத்த காயங்கள், சந்ததிக்குப் போகாதவை. உண்மையான மாற்றங்களோ மறைந்து கிடக்கும். விதைக்குள்ளிருக்கும் குருத்தில் பல செல்கள். ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு எழுத்து மாறியிருக்கும். செடி ஒரே உடலில் பல பேர் வசிக்கும் ஒட்டுத்துணியாக வளரும். போதாததற்கு, பெரும்பாலான மாற்றங்கள் ஒடுங்கு பண்புகள். ஜோடியில் ஒன்று மாறினால் வெளியே தெரியாது. தன் மகரந்தத்தையே ஏற்று வரும் எம்2 தலைமுறையில்தான், நாலில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோ, அவை முகம் காட்டும்.

எம்2 நாற்றங்காலில் நிற்பது அலாதியான அனுபவம் என்று இத்துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். பச்சை நாற்றுகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒன்று நிற்கும். பச்சையமே இல்லாத அது விதையிலிருந்த சத்து தீர்ந்ததும் செத்துவிடும். மஞ்சளாக ஒன்று, வெளிர்பச்சையாக ஒன்று. சாதாரணத் தக்காளி நாற்றின் தண்டில் ஊதா படர்ந்திருக்கும். சிலவற்றில் அந்த ஊதாவே இல்லாமல் முழுப்பச்சையாக இருக்கும். இவற்றால் உழவருக்கு ஒரு பைசாப் பயனில்லை. ஆனால் மருந்து வேலை செய்திருக்கிறது என்பதற்கு இவைதான் ரசீது.

இந்த இடத்தில்தான் நம்மூர் ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையும் வேளாண் புலமும் உளுந்து, தட்டைப்பயறு, சோயா, எள் என்று பல பயிர்களில் காமாக் கதிரையும் இ.எம்.எஸ்.ஸையும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை ஏராளமாக வெளியிட்டுள்ளன. நாடு முழுக்கவும் அப்படித்தான். விதை நனைப்பது மலிவு. சில லிட்டர் கரைசலும் நாற்றங்காலும் இருந்தால் போதும். எம்1, எம்2, தப்பினால் எம்3. பட்டியல், வரைபடம், ஆய்வேடு, பட்டம். அங்கே நின்றுவிடுகிற வேலைதான் இந்தியாவில் அதிகம். ஆனால் உழவர் கைக்குப் போகும் ரகம் எம்3-இல்தான் தொடங்குகிறது. அதற்கப்புறம் பண்பு நிலைக்க இன்னும் சில தலைமுறை, மகசூல் ஒப்பீடு, பல இடங்களில் பல பருவங்களில் வயல் சோதனை. ஒரு மாணவரின் மூன்றாண்டுக்குள் அது அடங்காது. மருதமும் பி.கே.எம். 1-உம் வந்தது மருந்தின் மகிமையால் அல்ல. பாதியில் கைவிடாமல் வயலில் நின்ற நிறுவனங்களால். ஆய்வு மானியம் கொடுப்பவர்கள் விதை நனைப்பதற்குக் கொடுப்பதைவிட, எம்4-இலிருந்து எம்8 வரை தொடர்வதற்குக் கொடுத்தால் மாவட்டத்துக்கு அதிகப் பலன் இருக்கும்.

பொறுக்கும் கண்ணும் சில சமயம் ஏமாற்றும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாகத் தக்காளி வளர்ப்பாளர்கள், காயாக இருக்கும்போது தோளில் கரும்பச்சை இல்லாமல் ஒரே சீராக வெளிர்பச்சையாக இருக்கும் செடிகளையே தேர்ந்தெடுத்தார்கள். அப்படிப்பட்ட பழம் ஒரே சீராகச் சிவக்கும். அறுவடை நேரம் பார்க்க வசதி. 2012-இல்தான் தெரிந்தது, அந்தச் சீர் நிறம் ஒரு மரபணு பழுதாகிப்போனதன் அடையாளம் என்று. அது காயில் பசுங்கணிகங்களை வளர்க்கும் மரபணு. அது பழுதானால் காய் தானே சர்க்கரை சமைப்பது குறைகிறது. அழகுக்காகச் சுவையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நம் பி.கே.எம். 1-இல் பச்சைத்தோள் இன்றும் இருக்கிறது. ரசத்துக்கு அதுதான் வேண்டும் என்பவர்கள் ஒன்றும் மூடநம்பிக்கைக்காரர்கள் அல்ல.

இப்போது தேடும் முறையே மாறிவிட்டது. முன்பு செடியைப் பார்த்தார்கள். இப்போது எழுத்தையே படிக்கிறார்கள். 2012-இல் தக்காளியின் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியானது. அந்தப் பன்னாட்டு முயற்சியில் ஐந்தாவது குரோமோசோமை இந்தியா எடுத்துக்கொண்டது. இத்தாலியில் ரெட் செட்டர் தக்காளியில் செய்த கணக்குப்படி, 0.7 சதவீத இ.எம்.எஸ்.ஸில் 5.74 லட்சம் எழுத்துக்கு ஒரு மாற்றம்; 1 சதவீதத்தில் 3.22 லட்சத்துக்கு ஒன்று. 90 கோடி எழுத்தோடு பெருக்கிப் பார்த்தால், ஒரு செடிக்குள்ளேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். சில ஆயிரம் செடிகளை வைத்துக்கொண்டால் அநேகமாக எல்லா மரபணுக்களிலும் எங்கேயாவது ஓர் எழுத்து மாறிய செடி கிடைத்துவிடும். செடிகளின் டிஎன்ஏவைச் சேர்த்துவைத்து, வேண்டிய மரபணுவில் மாறிய செடியைத் தேடி எடுப்பதற்கு டில்லிங் என்று பெயர். ஹைதராபாத் பல்கலைக்கழகம் இப்படியொரு தக்காளிச் சேகரத்தை வைத்திருக்கிறது. இஸ்ரேலில் எம்82 என்ற தக்காளி ரகத்தில் 13,000 குடும்பங்கள் உருவாக்கப்பட்டன.

இதிலிருந்து கடலூருக்கு என்ன கிடைக்கும்? முதலில் வெயில். சித்திரை, வைகாசியில் இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் சக்தி இழந்து பூ உதிர்ந்துவிடும். இந்த மாவட்டத்தில் கோடைத் தக்காளி நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். இஸ்ரேலின் வோல்கானி மையத்தில் இ.எம்.எஸ். கொடுத்த செடிகளை வெப்பத்தில் நிறுத்திப் பார்த்தபோது, மகரந்தம் கைகொடுக்காத நேரத்திலும் விதையில்லாப் பழம் பிடிக்கும் செடி ஒன்று சிக்கியது. 2017-இல் அந்த ஆய்வு வெளியானது. ஒரே மரபணு செயலிழந்ததன் விளைவு அது.

அடுத்தது நச்சுயிரி. பிரான்சில் தக்காளியின் ஒரே மரபணுவில் இ.எம்.எஸ். தந்த மாற்றம் இரண்டு நச்சுயிரிகளுக்கு முழு எதிர்ப்பைக் கொடுத்தது. ஆனால் நம் வயல்களில் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் வேறு குடும்பம். அந்தப் பூட்டுக்கு இந்தச் சாவி பொருந்தாது.

மூன்றாவது உப்பு. பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் கடல்நீர் உள்ளேறிய நிலங்களில் 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கவலை கூடியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பிச்சாவரத்தில் நாம் பார்க்கும் வெண்கண்டலின் இனத்திலிருந்து மரபணு எடுத்து நெல்லில் வைத்துப் பார்த்தது. அது வேறு வழி. அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வழி. சடுதிமாற்ற ரகத்துக்கு இந்தியாவில் அந்தத் தடை இல்லை. உப்புத் தண்ணீர் பாய்ச்சிய பாத்தியில் எம்2 நாற்றுகளை நட்டு, பிழைப்பது எது என்று பார்ப்பதற்குப் பெரிய கருவிகூட வேண்டியதில்லை. கடலோர நிலம் கையில் இருக்கும் மாவட்டத்துக்கு இது வாய்ப்பு.

ஆரோக்கியத்தைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். இ.எம்.எஸ். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் உள்ளது. 2007-இல் ஐரோப்பாவில் வைராசெப்ட் என்ற எச்.ஐ.வி. மாத்திரையில் தயாரிப்புக் கோளாறால் அது கலந்துவிட, ரோஷ் நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்றது. ஆபத்து யாருக்கு என்றால், மருந்தைத் திறந்து கலக்குபவருக்கு. யூடியூப் பார்த்து வீட்டில் செய்துபார்க்கும் விஷயமல்ல இது. பழம் சாப்பிடுபவருக்கு அந்த மருந்து போய்ச் சேர வழியே இல்லை: விதை அலசப்பட்டது, மிச்சம் தண்ணீரில் சிதைந்தது, அதற்குப் பின் எட்டுப் பத்துத் தலைமுறை மண்ணில் வளர்ந்தது. மாறிய எழுத்து மட்டும் தங்கியிருக்கும். இயற்கையிலும் எழுத்துகள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. இங்கே வேகம் கூட்டப்பட்டது. 2018 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், சடுதிமாற்ற ரகங்கள் சட்டத்தின் பொருளில் மரபணு மாற்றப் பயிர்கள்தாம், ஆனால் நெடுங்காலப் பயன்பாட்டில் பாதுகாப்பு தெரிந்த பழைய முறைகளுக்கு விலக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளுக்கே தலைசுற்றியிருக்கும்.

கடைசியாக, இந்த ரகங்களுக்கு ஹைபிரிட்டிடம் இல்லாத வசதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹைபிரிட் விதையை ஒவ்வொரு பருவமும் பாக்கெட்டாக வாங்க வேண்டும். அதன் பழத்திலிருந்து எடுத்த விதை அடுத்த தடவை கலவையாக முளைக்கும். பி.கே.எம். 1, மருதம் போன்றவை நிலைத்த ரகங்கள். சொந்த விதை எடுக்கலாம். நோயில்லாத செடிகளைத் தேர்ந்தெடுத்து நன்றாகப் பழுத்த பழங்களைப் பறிக்க வேண்டும். சதையைப் பிசைந்து, தண்ணீர் அதிகம் சேர்க்காமல், மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு நாள் புளிக்க விட வேண்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கழன்று, நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடலாம். நன்கு அலசி, நிழலில் உலர்த்தி, ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அடுத்த பருவத்துக்கு விதை தயார். இலைச்சுருள் கண்ட செடியின் பழத்தை மட்டும் விதைக்கு எடுக்கக் கூடாது.